70 ரூபாயில் உயிர்வாழ் சான்று: தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்தது

பெங்களூரில் உங்கள் வீட்டில் வயதான ஓய்வூதியர் யாராவது இருந்தால், ஓய்வூதியம் தொடர வருடா வருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்காக அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி அலைக்கழிக்காதீர்கள். தபால்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார். கட்டணம் வரியோடு சேர்த்து 70 ரூபாய். வேலை நன்றாக நடக்கிறது. இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் அப்பாவுக்கு மட்டும் இந்தச் சேவை பிடிக்கவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணமும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

அப்பா கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 38 வருடம் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தவர். கிருஷ்ணகிரி மாவட்டம் என்று நான் சொன்னால் உடனே திருத்துவார். 1953-ல் அவர் வேலையில் சேர்ந்தபோது அது சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது, அங்கேதான் ஓய்வு பெற்றார். 2004-ல் கிருஷ்ணகிரி தனியானது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அப்பா மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டார். முதலாளியும் மாறிக்கொண்டே இருந்தார். முதலில் ஜில்லா போர்டு, 1958 சட்டப்படி ஒன்றியங்கள் வந்த பிறகு ஊராட்சி ஒன்றியம், 1981 ஜூன் முதல் அரசாங்கம். "நான் எங்கயும் போவல, அவனுங்கதான் என்ன மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டானுங்க" என்பார்.

அம்மா போன பிறகு ராமமூர்த்தி நகரில் எங்களோடு இருக்கிறார். அரசாங்கக் கணக்கில் வயது 92. ஜாதகப்படி பவ வருஷம் ஆடி மாசம், அதாவது 1934. அந்தக் கணக்கில் இந்த ஆடிக்குத்தான் 91 நிறைகிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அப்பாவின் கை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னாராம் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். நாலு வயசுகூட நிறையாத அப்பா சுலபமாகத் தொட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கை நீளம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்த்த நாள் 10-6-1938. அதில் ஐந்தைக் கழித்து 10-6-1933 என்று பதிவேட்டில் எழுதினார் அந்த வாத்தியார். அந்தத் தேதியை வைத்துத்தான் இன்றுவரை பிழைப்பு நடக்கிறது.

சரி, சேவைக்கு வருகிறேன். வேண்டியவை இவ்வளவுதான்: ஆதார் எண், ஆதாரோடு இணைத்த கைபேசி, பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு எண். கைபேசியைக் கையிலேயே வைத்திருங்கள், ஓ.டி.பி. வரும். பி.பி.ஓ. எண்ணைப் பழைய புத்தகத்திலிருந்து ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். 1991-ல் மையில் எழுதியதை இன்று படிப்பதற்குள் தபால்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். போஸ்ட் இன்ஃபோ செயலியில் பதிவு செய்யலாம், நேராகத் தபால் நிலையத்திலும் சொல்லலாம். நான் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடம் வாசலில் நின்றே சொன்னேன். சொன்ன நாளில் வந்தார்.

அவர் கொண்டுவருவது ஒரு கைபேசியும் விரல் ரேகை எடுக்கும் சின்னக் கருவியும். விவரங்களை எல்லாம் உள்ளிட்ட பிறகு விரலை வைக்கச் சொல்வார்கள். வயதானவர்கள் வீட்டில் தாமதமாவது இந்த இடத்தில்தான். தோல் மெலிந்துபோய் ரேகை பிடிபடாது. ஈரத் துணியால் துடைத்து, ஒரு நிமிடம் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி வைத்தால் சில விரல் பிடிக்கும். கட்டை விரல் சரியாக வராவிட்டால் நடு விரலை வைத்துப் பாருங்கள். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் என்பது தபால்காரரின் கட்சி. விரல் ஒத்துவராவிட்டால் முகத்தைக் காட்டியும் எடுக்கலாம், 2021 நவம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. முகத்தை நேராக வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். "கண்ண சிமிட்டுங்க தாத்தா" என்றதும் அப்பா ஒரு முறை முறைத்தார் பாருங்கள், ஐந்தாம் வகுப்புக்காரன் அத்தனை பேரும் அடங்கிப்போயிருப்பான். அப்புறம் சிமிட்டினார்.

தபால்காரர் கன்னடக்காரர், நாற்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தவர் என்று தெரிந்ததும் "ஓ, மேஷ்ட்ரா!" என்று செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உங்க பொறந்த தேதி என்ன?" அவர் "ஜூன் ஒண்ணு" என்றார். "நெஜமாவா, இல்ல இஸ்கூல்ல போட்டதா?" தபால்காரர் சிரித்துவிட்டார். அவர் ஊரில் அவர் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் 1 தானாம். "உங்க வாத்தியார் சோம்பேறி" என்று தீர்ப்புச் சொன்னார் அப்பா.

தீர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வேலை பார்த்த காலமெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி போட்டுக் கொடுத்தவர் அவர். பிறப்புச் சான்று என்று ஒரு காகிதத்தை அந்த ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் காட்டு வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். காதைத் தொட்டால் வயது ஐந்து. தேதிக்கு எங்கே போவது? சேர்த்த தேதியில் ஐந்தைக் கழித்துப் போடுவது ஊருலக வழக்கம், அதனால்தான் ஒரு தலைமுறையே ஜூனில் பிறந்திருக்கிறது. அப்பா தாயிடம் உட்கார்ந்து விசாரிப்பார். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா? மொச்சை காய்த்திருந்ததா? கேழ்வரகு அறுத்தாச்சா? அப்போது பெருமழை ஏதாவது பெய்ததா? அதிலிருந்து ஒரு மாதத்தைப் பிடிப்பார். ஆனால் மாதம் சரியாக வந்தால் பல பிள்ளைகளுக்கு ஐந்து நிறைந்திருக்காது, சேர்க்க முடியாது. கடைசியில் அவரும் ஜூனைத்தான் போடுவார், ஆளுக்கொரு தேதியாக. 4, 7, 11, 18. அதில்தான் அவருக்குப் பெருமை. என் பிறந்த தேதியை மட்டும் உள்ளபடியே எழுதியிருக்கிறார். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வயதைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இன்னொரு பயிற்சியும் கிடைத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள். 1961-ல் ஒரு கிழவியிடம் வயது கேட்டிருக்கிறார். தாது வருஷப் பஞ்சத்தில் தான் கைக்குழந்தை என்று அவள் சொல்ல, அப்பா 1876-ஐ மனதில் வைத்துக் கழித்து 85 என்று எழுதினாராம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வயது ஐம்பதா அறுபதா என்று அப்பாவிடமே திருப்பிக் கேட்டாராம். இப்படி ஒரு ஊருக்கே வயது சொன்னவரிடம் வருடா வருடம் "நீ இருக்கிறாயா" என்று கேட்கிறார்கள்.

நம்மில் பலருக்கும் தெரியாத ஒன்று: வயது ஏற ஏற ஓய்வூதியமும் ஏறும். தமிழ்நாட்டில் 80 நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு ஆனால் நூறு சதவீதம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இது வருகிறதா என்று கணக்குச் சீட்டைப் பாருங்கள், வராவிட்டால் கருவூலத்தில் கேளுங்கள். அப்பாவுக்கு 40 சதவீதம் 2023-லேயே வந்துவிட்டது, ஜாதகப்படி என்றால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் அதே நீளக் கையால் 1991-ல் ஒரு வருடத்துக்கு மேலான சம்பளத்தை இழந்து 58-ல் வீட்டுக்கு வந்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரு பழைய டைரியில் எதிரெதிரே போட்டுக் கூட்டி வைத்திருக்கிறார். "ரூபாக் கணக்குல லாபம், அரிசிக் கணக்குல நஷ்டம்" என்பது முடிவு. அதே பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: வேலை பார்த்தது 38 வருடம், ஓய்வூதியம் வாங்கியது 34 வருடம், பாக்கி 4.

தபால்காரரிடம் போவதற்கு முன் நான் பார்த்த மற்ற வழிகளையும் சொல்ல வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற இந்தத் திட்டம் 2014 நவம்பரிலிருந்து இருக்கிறது. அதன் செயலியை உங்கள் கைபேசியிலேயே போட்டுக்கொண்டு, முகத்தைப் படம் பிடித்து, செலவே இல்லாமல் நீங்களே எடுக்கலாம். பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். எனக்கு இரண்டாவது கிடைத்தது. தெருமுனைக் கணினிக் கடை ஒன்றில் எடுத்த கதை வேறு. 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் என்ற இடத்தில் கடைப் பையன் எதையோ தட்டிவிட்டான். சான்று வந்தது, பிரமாண் எண்ணும் குறுஞ்செய்தியில் வந்தது, எல்லாம் முடிந்தது என்று இருந்தோம். பிறகு பார்த்தால் நிராகரிப்பு. ஆகவே யாரிடம் எடுத்தாலும் சரி, எண் வந்ததோடு விடாதீர்கள். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று பாருங்கள். எந்த மாநிலம், எந்தத் துறை, எந்தக் கருவூலம் என்பதை நீங்களே பக்கத்தில் நின்று படித்துச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் உட்கார்ந்து தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு எடுப்பவர்கள் இதில் இரட்டிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

தபால்காரர் இந்த விஷயத்தில் நிதானமாக இருந்தார். ஒவ்வொரு விவரத்தையும் திரையில் எனக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். மொத்தமும் கால் மணி நேரம், அதில் பாதி அப்பா அவரைக் குறுக்கு விசாரணை செய்தது. காபி கொடுத்தால் குடிப்பார். 70-க்கு மேல் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

இப்போது அப்பாவின் புகார். கையெழுத்து வாங்கவில்லை என்பது அதில் சின்னது. பெயரில் ஒரு 'லை' உண்டு அவருக்கு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பிள்ளைகளுக்குப் புது 'லை'யைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தன் கையெழுத்தில் மட்டும் தும்பிக்கை வைத்த பழைய 'லை'யை விடாமல் வைத்துக்கொண்டார். வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்தில் அதை நிதானமாக இழுத்துப் போடுவது அவருக்கு ஒரு சடங்கு. அதுவும் போயிற்று என்றார்.

பெரிய புகார் இது. முன்பெல்லாம் நேர்காணல் என்று சொல்வார்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை நேரில் கருவூலத்துக்குப் போக வேண்டும். வெளியே மரத்தடியில் ஓய்வூதியர்கள் பி.பி.ஓ. புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எங்களுக்கெல்லாம் அது கொடுமையாகத் தெரிந்தது. கூட்டிக்கொண்டு போனவள் நான், நிழலுக்கும் தண்ணீருக்கும் அலைந்தவள் நான். அப்பாவுக்கோ அது ஆண்டு விழா. 1953-ல் பிள்ளைகள் மூன்று மணி நேரம் மட்டும் படித்தால் போதும் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், காலையில் ஒரு கூட்டம் மதியம் ஒரு கூட்டம் என்று இரண்டு முறை ஒரே பாடத்தை நடத்தி நொந்துபோனவர்கள் அங்கே இருந்தார்கள். அடுத்த வருடமே அது திரும்பப் பெறப்பட்டதையும், 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்ததும் வீடு வீடாகப் பிடி அரிசி கேட்டுப் போனதையும் பேசுவார்கள். 1957-ல் நயா பைசா வந்தபோது அணாவைப் பைசாவாக மாற்றும் கணக்கை முதல் நாள் ராத்திரி தாங்களே கற்றுக்கொண்டு மறுநாள் பிள்ளைகளுக்கு நடத்தியதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆறு நயா பைசாவுக்கு ஒரு அணா, ஆனால் பதினாறு அணாவுக்கு நூறு. அந்த நாலு பைசா எங்கே போனது என்று கேட்ட பையனுக்கு என்ன பதில் சொன்னோம் என்பதில் ஆளுக்கொரு கதை. ஊமத்தை இலையோடு கரியை அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியது, மக்காச்சோள உப்புமாவில் புழு பொறுக்கியது, பள்ளிகளைச் சோதிக்கும் டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்து ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளை ஏரிக்கரையிலிருந்து பிடித்து வந்து வருகைப் பதிவேட்டை நிரப்பியது, எல்லாம் வருடா வருடம் அதே கதைகள். கேட்பவர்களும் அதே ஆட்கள். யாருக்கும் அலுக்கவில்லை.

பிற்பாடு அப்பாவிடம் படித்தவர்களே ஓய்வு பெற்று அந்த மரத்தடிக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர், அவரும் தலைமையாசிரியராக இருந்தவர், எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க போட்ட தேதியால நாலு மாசம் முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா சொன்னது ஐப்பசி, நீங்க ஜூன்னு போட்டீங்க." அப்பா அசரவில்லை. "ஐப்பசின்னு போட்டிருந்தா உன்ன அந்த வருசம் சேத்திருக்க முடியாதுடா. அடுத்த வருசம் உங்கப்பன் உன்ன மாடு மேய்க்க அனுப்பியிருப்பான். இன்னிக்கி நீ எந்த மரத்தடியில நின்னிருப்ப?" அவர் சிரித்துவிட்டு அப்பாவுக்கு டீ வாங்கப் போனார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கொரோனா வந்து நேர்காணலுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு விதி மாறிவிட்டது. இப்போது ஏப்ரல்-ஜூன் கூட்டமெல்லாம் இல்லை, அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் முடித்தால் போதும். நெரிசல் குறைய வேண்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. இதையும் தபால்காரர் சேவையையும் சேர்த்துப் பார்த்தால், மரத்தடிக்கு இனி யாரும் வரப்போவதில்லை என்றுதான் நான் நினைத்தேன். அப்பாதான் விஷயத்தைப் பிடித்தார். வாத்தியார் எல்லோருக்கும் அவரவர் வாத்தியார் போட்டது ஜூன். பிறந்தது ஜூன் என்றால் ஓய்வு பெற்றதும் ஜூன். ஓய்வு பெற்றது ஜூன் என்றால் நேர்காணலும் ஜூன். "போய்ப் பாரு, எல்லாப் பயலும் அங்கதான் இருப்பான்" என்றார்.

ஆகவே என் பரிந்துரை இப்படி. நடமாட முடியாதவர்களுக்கும், வெயில் ஆகாதவர்களுக்கும், ஊரைவிட்டு வந்து பெங்களூரில் இருக்கும் பெரியவர்களுக்கும் இந்த 70 ரூபாய்ச் சேவையைத் தயங்காமல் சொல்வேன். நடக்கிற பெரியவர் என்றால் ஒரு வார்த்தை அவரிடமும் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நாங்கள் இந்த ஜூனில் தபால்காரரை வரச் சொல்லவில்லை. வாடகைக் கார் வைத்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊத்தங்கரைக்குப் போனோம். அப்பா சொன்னபடி ஜூன்காரர்கள் இருந்தார்கள், ஐப்பசிக்காரர் உட்பட. காருக்கு 4,200 ரூபாய் ஆனது. டீச் செலவு தனி.